ரங்கூனில் பிழைத்தவர்

மிஷன் ஆஸ்பத்திரி,
1934 நவம்பர் 8.

கர்த்தருக்குள் பிரியமான செல்வதாஸ் அண்ணனுக்கு, தங்கை ராஜபாய் எழுதிக்கொள்வது. மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. இந்த முறை அப்படி எழுத முடியவில்லை.

உங்கள் மச்சான் ஞானசிங்கை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கின அந்த நெறி நோய்தான் திரும்பி வந்துவிட்டது என்று நானும், ஏன் டாக்டரும்கூட, முதலில் நினைத்தோம். சித்திரையில் மதராஸில் எக்ஸ்ரே ஒளி வைத்தியம் செய்து, வீக்கமெல்லாம் கரைந்து, சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போடுமளவுக்குத் தேறி வந்த மனிதர். ஆனால் இது அந்த நோய் இல்லையாம்.

உடம்பில் எதிர்த்து நிற்கும் சக்தி குறைந்திருக்கும், புண் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சேற்றில் இறங்க வேண்டாம் என்று மதராஸ் டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இவர் கேட்கிற ஆளா? கொட்டாரத்து வயலில் கும்பப்பூ போகத்து நடவு வந்தது. உபதேசியார் வரப்பில் நின்று ஜெபம் பண்ணியதும் வயலைக் குத்தகைக்கு எடுத்த பாட்டக்காரன் தன் கையால் முதல் முடி நாற்றை நடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? முந்தின கன்னிப்பூ போகத்துக்கு இவருக்குப் பதிலாக நான் நட்டேன். அன்றிலிருந்தே, ஞானசிங் இனி எழும்பமாட்டான், வயலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று வயலின் சொந்தக்காரர் தாணுலிங்கத்தின் காதில் சிலர் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

நடவன்று காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தடுத்தேன். "ஏட்டி, நாலு பேரு பாக்கட்டும். நான் சாவலேண்ணு தெரியண்டாமா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். கரையேறினபோது உள்ளங்காலில் சிப்பி கீறிய ஒரு கோடு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு நானும் அதை மறந்துபோனேன்.

சில நாளில் குளிர்காய்ச்சல். பிறகு தொடையிலும் முதுகிலும் கட்டிகள். அதே சேற்றில் செல்லத்தாயும் மற்ற நடவுப் பெண்களும் பொழுதெல்லாம் நின்றார்கள். ஒருத்திக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது அண்ணா, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இங்குள்ள டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்து மைக்ராஸ்கோப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். சேற்றில் கிடக்கும் ஒரு கிருமியாக இருக்கலாமாம். திடமானவர்களை லேசில் தொடாதாம். நெறி நோயும் அதற்குச் செய்த வைத்தியமும் உடம்பின் காவலைத் தளர்த்திவிட்டதால் கால் கீறல் வழியாக ஏறிவிட்டது என்கிறார். இந்தப் பக்கத்தில் அவர் இதைப் பார்த்ததே இல்லை. குதிரைகளுக்கு வரும் ஒரு நோயைப் போன்றது, மனிதர்களிடம் ரங்கூனில்தான் கண்டிருக்கிறார்கள் என்றார். ரங்கூன் என்றதும், என் அண்ணன் அங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என்று சொல்லிவிட்டேன். உடனே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். அது இதோடு இருக்கிறது. கையில் கிடைத்த அன்றே உங்கள் பெரிய டாக்டரிடம் கொடுங்கள். எந்த மருந்துக்கு அது அடங்கியது என்று தந்தியில் பதில் அனுப்பச் சொல்லுங்கள்.

நெல் நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது. நேற்று தாணுலிங்கம் இங்கே வந்து, வயல் உனக்குத்தான் என்று இவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். இவர் அப்போது காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் இறங்கினால் தெளிவாகப் பேசுகிறார். டாக்டர் என்னிடம் சொன்னதெல்லாம் இவர் காதில் விழுந்திருக்கிறது. "ரங்கூன்ல இது வந்து பொழச்சவன் எவனாவது உண்டுமா? அண்ணன்ட்ட கேட்டு எழுதுட்டீ" என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறார். நான் டாக்டரைத் தனியே நிறுத்திக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சாப்பிட்டாயா அம்மா என்று என்னைக் கேட்டார்.

அதனால் தந்தி டாக்டருக்குப் போகட்டும். எனக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். இவருக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். பிழைத்தவர் ஒருவர் இருந்தால், அவர் பெயர், ஊர், வீடு திரும்பி இப்போது என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் விவரமாக எழுதுங்கள். ஒருவரும் இல்லையென்றால், நீங்களே ஒரு பெயர் வைத்து எழுதுங்கள் அண்ணா. அந்தப் பாவம் என்மேல் இருக்கட்டும். அது மெய்யா என்று நான் ஒருநாளும் உங்களைக் கேட்கமாட்டேன்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு குறையும் வராமல் கர்த்தர் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
ராஜபாய்