புருவத்தில் மூன்று தையல்

என் வாயாடிப் பெண்டாட்டிக்கு,

அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். புருவத்தில் மட்டும் மூன்று தையல், பயப்படாதே.

துப்பாக்கியில் தூரத்துக் குறியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் குழாயைப் பொருத்திச் சுட்டுப் பார்ப்பதுதானே என் வேலை? துப்பாக்கி நுனியில் இருக்கும் சாதாரணக் குறிமுள்ளைப் பார்த்துச் சுட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்கோப்பிலோ கண்ணை நான்கு விரல் தள்ளி வைக்காவிட்டால், சுட்டதும் அது பின்னால் வந்து புருவத்தில் இடிக்கும். புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். “உனக்கே அடியா? மனசு எங்கப்பா இருந்துச்சு?” என்று மேஸ்திரி சிரித்தார்.

மனசு நீ அனுப்பிய படத்தில் இருந்தது. உனக்குப் பின்னால், நம் வாசலில், யாருடைய சிவப்பு பைக்? நான் கேட்கவில்லை.

நீ போர்த்திக்கொள்ளும் என் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. பைக்கைக்கூட விடு. படம் எடுத்தவரைப் பார்த்து இப்படிச் சிரித்திருக்கிறாயே, அது யார்?