ஒதுங்கிய இடங்களில் உறைபனி

உறைந்த பட்டாணிப் பை ஒன்றை இடுப்பில் வைத்துக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். காலையில் வாசலில் வழுக்கி விழுந்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, எலும்பு உடையவில்லை. பை நேற்று இங்குள்ள என் கடையில் இருந்து எடுத்து வந்தது. ஒருமுறை உருகியதைத் திரும்ப விற்கமாட்டேன் என்பது உமக்குத் தெரியும், ஆகவே இனி இது என் இடுப்புக்குத்தான். அது மெல்ல உருகி, நனைந்த துணியும் பச்சைப் பட்டாணியும் கலந்த ஒரு மணம் வருகிறது. லண்டன் கடையின் பின்னறையில் நம் முதல் மாரி, அந்த முதல் குளிர்காலம் முழுக்க இருந்த மணம். அதுதான் என்னை உட்காரவைத்தது. விழுந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த மாரியில் நீர் கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இறங்கினீர். விமான நிலையத்திலேயே உமக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்: மாரி முடியட்டும், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போவோம். வியாபாரி கொடுக்கக்கூடாத வாக்கு. கையில் இருந்த எல்லாவற்றையும் அந்தத் தெருமுனைக் கடையில் போட்டிருந்தேன். நீர் போனால் நானும் போகவேண்டும், நான் போனால் கடை போய்விடும். உமக்கோ ஊருக்குப் போகும் நாள் ஒன்றே கனவு. பின்னறையில் குழந்தையோடு இருந்தீர், கடைப் பக்கம் வரமாட்டீர். வெள்ளைக்காரர் வந்து ஏதும் கேட்டால் என்ன சொல்வது என்று பயம். பயப்படவும் தேவையில்லாமல் இருந்தது. கடை கைமாறியதில் இருந்து அந்தத் தெருவில் பாதிப்பேர் பாணும் பாலும் வாங்க அடுத்த தெருவுக்கு நடந்தார்கள். பக்கத்துக் கடை, ஆணியும் பூட்டும் பெயின்ற்றும் விற்கிற ஹாரிஸ், தலையைக்கூட ஆட்டமாட்டார். அவருக்கு நாம் வைத்த பெயர் ஆணிக்கடை ஐயா.

உமக்கு இருந்த ஒரே துணை வானொலி. அதிலும் செய்தி வேண்டாம், பாட்டு வேண்டாம், வானிலை அறிக்கை மட்டும். ஏன் என்று கேட்டேன்.

"இந்த மனுசன் மட்டும்தான் நிப்பாட்டி நிப்பாட்டிக் கதைக்கிறார். மற்ற ஆக்களெல்லாம் வாய்க்குள்ள உருளைக்கிழங்கை வச்சுக்கொண்டு கதைக்கினம்."

அப்படி, மேற்கிலிருந்து மழை, கரையோரங்களில் பலத்த காற்று, மலைகளில் மூடுபனி என்று உமது இங்கிலீசு முழுவதும் வானத்திலேயே இருந்தது. ஒரு கிலோ சீனி என்று சொல்லத் தெரியாது.

ஒரு நாள் காலை என்ன நினைத்தீரோ, வியாபாரம் நடக்காத கடைக்கு ஏதோ குறை இருக்கிறது என்று முடிவெடுத்து, ஊரில் அப்பாவின் கடையில் செய்வதுபோல வாசற்படியைக் கூட்டி, வாளி நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்துத் தெளித்தீர். வெளியே எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த காலை அது. தெளித்த தண்ணீர் தரையைத் தொட்டதுதான் தாமதம், படி மஞ்சள் கண்ணாடியாகிவிட்டது. தன் கடையைத் திறக்க வந்த ஆணிக்கடை ஐயா அதில் கால் வைத்தார். தொப்பி ஒரு பக்கம், திறப்புக்கோர்வை ஒரு பக்கம், மனுசன் நடுவில்.

"இஞ்சேருங்கோ! ஓடியாங்கோ! ஐயா விழுந்திட்டார்!"

நான் ஓடி வரவில்லை. உள்ளேயே நின்று, இந்த மனுசன் வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீர்தான் அவருக்கு முன்னால் குந்தி இருந்தீர். ஏதாவது சொல்லவேண்டும். உம்மிடம் இருந்த இங்கிலீசில் அந்த நேரத்துக்குப் பொருந்தியது ஒன்றுதான். அன்று விடிய வானொலியில் கேட்டதை, அந்த வாசிப்பவரின் குரலிலேயே, நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்:

"ஒதுங்கிய இடங்களில் உறைபனி, சேர்."

அவர் உம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கீழே இருந்த மஞ்சள் பனியைப் பார்த்தார்.

"அம்மணி, இது ஒதுங்கிய இடமில்லை. உங்கள் கடை வாசல்," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அந்த மனுசனுக்குப் பல் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நீர் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தீர். அவர் படியிலேயே இருந்து குடித்தார். தெருவில் போனவர்கள் நின்று என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் முதலில் இருந்து சொன்னார், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருந்து விழுந்தார். கேட்டவர்களுக்குக் குளிர். உள்ளே வந்தார்கள். உள்ளே வந்தவர்கள் சும்மா போக வெட்கப்பட்டுப் பாலோ பத்திரிகையோ வாங்கினார்கள். என்னால் கூப்பிட முடியாத தெருவை நீர் ஒரு வாளித் தண்ணீரால் உள்ளே கொண்டுவந்தீர்.

பிறகுதான் அந்தப் பெரிய பனி. காலையில் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, கடிதப்பெட்டித் துவாரம் வரை வெள்ளை. பஸ் இல்லை, பேக்கரியில் இருந்து பாண் வண்டி வரவில்லை. பின்வளவில் காயப்போட்ட சேலையைப் பலகைபோலத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து, "இஞ்சேருங்கோ, சீலை செத்துப்போச்சு!" என்றீர். பாண் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. நீர் மாவைக் குழைத்துத் தேங்காய்ப்பூப் போட்டு ரொட்டி சுட்டீர். ஆணிக்கடை ஐயா அதில் மார்மலேட் பூசிச் சாப்பிட்டதைப் பார்த்து முகத்தைச் சுளித்தீர். ஆனாலும் இன்னொன்று போட்டீர்.

பனி கரைந்தது. எனக்கு வாக்கு ஞாபகம் வந்தது. உமக்கும் ஞாபகம் இருந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டேன்: "மாரி முடிஞ்சுது. டிக்கெட் பாக்கட்டோ?"

கல்லாவுக்குப் பின்னால் நின்று முட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த நீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தமுறை கோடை நல்லா இருக்குமாம், ஐயா சொன்னவர். அதையும் பாத்திட்டுப் போவம்."

அப்படித்தான் நாம் அந்த நாட்டில் இருந்தோம். கோடை வந்தால் இலையுதிர்வைப் பார்த்திட்டு, அது வந்தால் அடுத்த பனியைப் பார்த்திட்டு. பிறகு ஊர் எரியத் தொடங்கியது, திரும்பிப் போவதைப்பற்றி இருவருமே பேசவில்லை. ஆனால் அந்தப் 'பாத்திட்டு' என்ற சொல்லை நீர் விடவில்லை.

அந்தப் பெருங்காற்றும் ஞாபகம் வருகிறது. முதல்நாள் பின்னேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "வெளியில கிடக்கிற பழப்பெட்டியளை உள்ள எடுங்கோ, இது சரியில்லாத வானம்" என்றீர். காற்றென்றால் காற்று, லண்டனில் என்ன சூறாவளியா வரப்போகிறது என்றேன். விடிந்து பார்த்தால் கடையின் முன்கூரைத் துணி தேவாலயத்து வேலியில் தொங்குகிறது. நூறு வயது மரங்கள் வேரோடு சாய்ந்து, தெரு முழுவதும் ஊர்ச் சுள்ளிக்காடுபோல மணக்கிறது. கூரை ஓடு பறந்த ஆணிக்கடை ஐயா நடுரோட்டில் நின்று கேட்டது என்னையல்ல, உம்மைத்தான்: "அம்மணி, இனியும் அடிக்குமா?" நீர் மேற்கே பார்த்து, "மத்தியானத்துக்கு மேல் தணியும்" என்றீர். தணிந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் துணி காயப்போடுகிறவர்கள்கூட முதலில் கடைக்கு வந்து உம்மிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். சனம் மழையைக் கேட்க வந்து மாவை வாங்கிக்கொண்டு போகும். நான் படித்த வியாபாரம் எல்லாம் அதற்குக் கிட்ட வராது.

வெயிலில் அந்த வெள்ளைக்காரர் நம்மைவிடப் பாவம். ஒரு கோடையில் தார் இளகி, புல்லெல்லாம் வைக்கோலாகி, தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும் தடை போட்டிருந்தார்கள். அப்போது ஐயா நன்றாகத் தளர்ந்துவிட்டார், இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை. நீர் அவர் கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு ஏறிப்போனீர், நான் பின்னால் வந்தேன். மனுசன் யன்னல் திரை எல்லாவற்றையும் விரியத் திறந்துவிட்டு, வெயிலுக்கு நடுவில் கம்பளிக் காற்சட்டையோடு கிடக்கிறார்.

"வெயிலை வீட்டுக்க கூப்பிட்டு வச்சிருக்கிறார் பாருங்கோ," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே திரைகளை இழுத்து மூடினீர். படுக்கை விரிப்பை நனைத்து யன்னலில் தொங்கவிட்டீர். வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்ட மோரைச் செம்போடு நீட்டினீர். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாலில் சலாட் மிதக்கிறதே."

"குடிங்கோ சேர்."

குடித்தார். இன்னொரு செம்பும் குடித்தார். அறை மெல்லக் குளிர்ந்தது. கண்ணை மூடியபடி சொன்னார்: "அம்மணி, இதுதான் ஒதுங்கிய இடம்."

நீர் படியில் இறங்கும்போது அழுதீர். கேட்டதற்கு வெங்காயம் என்றீர்.

ஐயா போய்ச் சேர்ந்து, கடையை விற்று, நாம் வளர்ந்துவிட்ட மகனோடு டெக்சாசுக்கு வந்தபோது ரவுண்ட் ராக்கில் நான் இன்னொரு சிறு கடை போட்டேன், ஆனால் ஊர் உமக்குப் பிடிக்கவேயில்லை. "இஞ்ச எல்லாரும் காருக்குள்ள இருக்கினம். வானத்தைப் பாக்க ஆளில்லை" என்பீர். மின்சாரம் போய் ஊரே உறைந்த அந்த ஒரு மாரியில்தான் உம்முடைய முகம் மலர்ந்தது. வீடு வீடாகப் போய், உறைந்து வெடிக்காமல் இருக்கக் குழாயைச் சொட்டவிடச் சொன்னீர். எதிர்வீட்டு ஷெரி உம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு நீர் அதிக காலம் இருக்கவில்லை.

நீர் பார்க்காத மருமகளைப்பற்றிச் சொல்லவேண்டும். பெயர் நித்யா, சென்னைப் பெண், மயிலாப்பூர். படித்தவள், அங்கே நல்ல வேலையில் இருந்தவள். இங்கே வேலை செய்வதற்கான அனுமதி அட்டை இன்னும் வரவில்லை, கார் ஓட்டப் பயம், மகன் காலையில் கம்பெனிக்குப் போனால் இருட்டித்தான் வருகிறான். இவ்வளவு நாளாகியும் இந்தத் தெருவில் ஒருவரோடும் பேசியதில்லை. ஆனால் ஒரு நாள் விடாமல் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள், பார்க்க ஆளில்லாத கோலம். போன கிழமை போனில் தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "சம்மர் வரைக்கும் பாக்கறேம்மா. அப்புறம் நான் அங்கேயே வந்துடறேன்." மகனுக்குத் தெரியாது. எனக்கு இரவெல்லாம் அந்த விமான நிலையம்தான் கண்ணுக்குள் நின்றது.

நேற்றுப் பின்னேரம் ஐஸ் மழை வரும் என்று எல்லார் போனும் அலறியது. "அப்பா, ப்ளீஸ், நாளைக்குக் கடை திறக்காதீங்கோ, ஃப்ரீவே எல்லாம் ஐஸ்" என்றான் மகன். லண்டன் பனியையே பார்த்தவன் நான் என்று சொல்லிவிட்டு, காலையில் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நித்யா வெறும் வாளியோடு திகைத்து நிற்கிறாள்.

"மாமா, வராதீங்க! வாசல் தெளிச்சேன், தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி—"

அவள் முடிக்குமுன் நான் தரையில்.

"ஐயோ மாமா! மாமா!"

எதிர்வீட்டில் இருந்து ஷெரி புல்லின்மேல் கால்வைத்துக் கால்வைத்து ஓடி வந்தாள். யாராவது ஏதாவது சொல்லவேண்டும். நித்யா சொன்னாள்: "நான்தான் தண்ணி ஊற்றினேன். கோலம் போட."

"இந்தக் குளிரிலா? தண்ணியா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஷெரிக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு கோலம் என்றால் என்ன என்று கேட்டாள், நித்யா விளக்கினாள். காரிலிருந்து தினமும் அந்த வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பதாகவும், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றும் ஷெரி சொன்னாள். "உன் மாமியார்தான் என் வீட்டுக் குழாய்களைக் காப்பாற்றினார், தெரியுமா?" என்றாள். தெரியாது என்றாள் நித்யா. கதை தொடங்கியது.

நான் எழும்பியிருக்கலாம். நோவு இருந்தது, ஆனால் கை ஊன்றி எழும்பமுடியாத நோவு இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி அப்படியே கிடந்தேன். வாடிக்கையாளர் உள்ளே கால் வைத்த நேரத்தில் எந்த வியாபாரி கதவைச் சாத்துவான்? மகன் ஓடிவந்து, "அப்பா, எழும்புங்கோ!" என்றான். "கொஞ்சம் பொறடா" என்றேன்.

அங்கே கிடந்து வானத்தைப் பார்த்தபோதுதான் பட்டது. ஆணிக்கடை ஐயா அன்று ஏன் அவ்வளவு நேரம் அந்த மஞ்சள் படியில் இருந்தார்? ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு அவ்வளவு நேரமா? தெருவுக்கே கதை சொல்லி முடியும்வரை எழும்பாமல் இருந்தாரே, மனுசனுக்கு உண்மையில் எழும்ப முடியாமலா இருந்தது? உமக்கு இது அப்போதே தெரிந்திருக்கும். தெரிந்துதான் அந்த மோரை இரண்டு செம்பு கொடுத்திருப்பீர்.

கொஞ்சம் முன் நித்யா தாயோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் பட்டாணிப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன், கேட்கவேண்டும் என்றுதான் கேட்டேன். "மார்ச்சுல இங்க ரோடு ஓரம் ஃபுல்லா நீலப் பூ பூக்குமாம்மா. ஷெரி கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அதைப் பாத்துட்டு அப்புறம் யோசிக்கலாம்."

பாத்துட்டு. உம்முடைய அதே சொல், சென்னை வாயில்.

நாளைக் காலையும் உறையுமாம். மகன் ஐஸைக் கரைக்கிற உப்பு மூட்டை ஒன்றை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, படுக்குமுன் படியில் தூவச் சொல்லிப் போயிருக்கிறான். ஷெரி காலையில் கோலம் பார்க்க வருகிறாள். தூவுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.