மஞ்சள் அம்பு காட்டிய வழி

நெதர்விக்,
மே மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள டொமினிக்,

நீயும் ஜோசியும் குழந்தையும் நலம்தானே? நியூசிலாந்தில் குளிர் ஆரம்பித்திருக்கும். குழந்தைக்குக் காதுவலி தேவலையா? எனக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. சமையலறை மூலையில் இருக்கும் ஒட்டடைகூட இப்போது பளிச்சென்று தெரிகிறது. இத்தனை நாள் போலத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

அப்பா கால் தடுக்கி விழுந்ததாகத் தொலைபேசியில் சொன்னேன். அது பொய். நீ தூரத்தில் இருந்துகொண்டு தவிக்க வேண்டாமே என்று சொன்னது. இனி மறைப்பதில் பயனில்லை.

காட்டுச் சுற்றுப்பாதையை நீ மறந்திருக்க மாட்டாய். தேவாலய வாசலில் தொடங்கி, மதுக்கடைக்குப் பின்னால் வயலைக் கடந்து, பீச் மரக் காட்டுக்குள் நுழைந்து, ஓடைப் பலகை தாண்டி, ஆட்டு மேய்ச்சல் வழியாக மறுபடியும் அதே வாசலுக்கு வந்து சேர்வது. அறிவிப்புப் பலகையில் ‘எளிய நடை, யாரும் போகலாம்’ என்று எழுதியதும், கம்பத்துக்குக் கம்பம் மஞ்சள் அம்பு வரைந்ததும் உன் அப்பாதான். ஊர்ச்சபை கொடுத்த பாதைக் காவலர் பதவியை அவர் என்னமோ பிரபுப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். மறதி வந்த பிறகும் அந்த நடை மட்டும் விடவில்லை. அம்பைப் பார்த்துப் பார்த்துப் போவார். சுற்றி வரும் நேரத்துக்கு நான் தேவாலய வாசலில் நின்று கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவேன். ஏனென்றால் அந்த வாசலிலும் ஓர் அம்பு இருக்கிறது. அதுவும் காட்டைத்தான் காட்டுகிறது.

கண் அறுவைச் சிகிச்சைக்கு நான் நகரத்துக்குப் போன அன்று, பக்கத்து வீட்டு ஈனிட்டைத் தேவாலய வாசலில் நிற்கச் சொல்லியிருந்தேன். நின்றாள். அதில் குறை சொல்ல முடியாது. அப்பா வந்து தொப்பியைத் தூக்கி, “இப்பதான் கெளம்புறேன் மேடம், நல்ல வெயில்” என்றாராம். இவளும் ஆமாம், நல்ல வெயில் என்று சொல்லிவிட்டு வழி விட்டிருக்கிறாள். பிறகு என்னிடம் சொல்கிறாள்: “வாக்கிங் கெளம்புற மனுஷன் கையப் புடிச்சு இழுக்கவா முடியும், ஹில்டா? அவரு என்ன நெனப்பாரு?”

அப்பா மறுபடி சுற்றினார். மறுபடியும். ஊரே பார்த்திருக்கிறது. மதுக்கடை கிளைவ், “இன்னிக்கு செம வேகம் போல, லியனார்ட்?” என்று கேலி பேசி அனுப்பியிருக்கிறான். நாயோடு போன பிரெண்டா, வீட்டுச் செருப்போடு நடக்கிறாரே என்று கவனித்திருக்கிறாள். கேட்கவில்லை. “காலுக்கு அதுதான் சொகமோ என்னமோன்னு விட்டுட்டேன்” என்றாள். பாதிரியாரம்மா, மழை வரும் போலிருக்கிறது என்றாராம். வந்தது. மழையிலும் நடந்திருக்கிறார். ஒருத்தராவது, லியனார்ட், எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கலாம். நம் ஊரில் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டார்கள், டொமினிக். இந்த மரியாதையை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

நான் டாக்சியில் வந்து இறங்கி, வீட்டில் அவரைக் காணாமல், ஒரு கண்ணில் கட்டோடு வயலுக்குள் ஓடினேன். மேய்ச்சல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. காலுறை முழுக்க ரத்தமும் சேறும். பாதை நடுவில் நின்று கைகளை விரித்தேன். அவர் ஒதுங்கி, முட்செடிக்குள் ஒரு காலை வைத்து, எனக்கு வழி விட்டார். “நீங்க மொதல்ல போங்க மேடம். பாத்து, வழுக்கும்” என்றார். அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து ஆம்புலன்சில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அதற்கப்புறம் ஊரார் கொண்டு வந்த கேக் வைக்க வீட்டில் இடமில்லை. வாசல்மணி அடிப்பது, தட்டை நீட்டுவது, தலையைக் குனிந்துகொண்டு போவது. ஈனிட் மட்டும் உள்ளே வந்து அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். அவளை வெறுக்க முடிந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும்.

மருத்துவமனையில் இனி அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்கிறார்கள். என் இடுப்பு இருக்கிற இருப்பில், அவர் எழுந்து கிளம்பினால் என்னால் பிடித்து நிறுத்த முடியாது என்பது அவர்களுக்கும் தெரிகிறது. நகரத்தில் ஒரு முதியோர் இல்லம் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. நல்ல பெண்கள். அங்கே ஒரு தாழ்வாரம், முற்றத்தைச் சுற்றி வட்டமாகப் போகிறது. நிர்வாகி அம்மா பெருமையாகக் காட்டினாள்: “எங்கயும் முட்டி நிக்க மாட்டாங்க பாருங்க. நாள் பூரா நடக்கலாம், தொலைஞ்சு போகவே மாட்டாங்க.” சுவரில் மரங்கள் வரைந்திருக்கிறார்கள். கோட்டு போட்ட ஒரு கிழவர் எங்களைக் கடந்து போனார். அவள் வணக்கம் சொன்னாள். நாங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் திரும்பவும் வந்தார். அவள் திரும்பவும், அதே சிரிப்போடு, வணக்கம் சொன்னாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவரை அந்தச் சுவர் மரங்களுக்கு நடுவில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வர வேண்டும். அந்தப் பேருந்தில் என் பக்கத்தில் யாரும் இருக்கப்போவதில்லை.

உனக்கு வேலை இருக்கிறது, குழந்தை சின்னது, டிக்கெட் விலை எனக்கும் தெரியும். வா என்று நான் உன்னிடம் இதுவரை கேட்டதில்லை; அதுவும் நம் ஊர் மரியாதைதான். இப்போது கேட்கிறேன். வா, டொமினிக். வந்து வேண்டாம் என்று சொல், அல்லது சரி என்று சொல். எதைச் சொன்னாலும் நான் உன்மேல் வருத்தப்பட மாட்டேன். யாராவது ஒருவர் என்னோடு சேர்ந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தைக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் நீண்ட நாள் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
ஹில்டா