ரேட்டோவின் முடிச்சைப் பற்றி ஒரு பொறாமைக்காரனின் சாட்சியம்

தூன், அக்டோபர் 6

அன்பு மகள் ரெகூலாவுக்கு,

1. இதை எழுதுபவன் வெர்னர் இநேப்னிட், தூன் நகரில் நோட்டரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், உன் தந்தை. நானும் உன் அம்மாவும் நலம். அவளுடைய இடது முழங்காலை மட்டும் இந்த உறுதிமொழியிலிருந்து விலக்கி வைக்கிறேன். கடலுக்கு அப்பால் நீயும் குறையின்றி இருக்கிறாய் என்று நம்பியே பேனாவை எடுத்தேன்.

2. இக்கடிதம் உன் ஞானத்தந்தை ரேட்டோ துவோரைப் பற்றியது. அவர் மீது எனக்குப் பொறாமை உண்டு. உன் ஞானஸ்நான நாளில் தொடங்கியது, இன்றளவும் தீரவில்லை. ஆகவே நான் பாரபட்சமற்ற சாட்சி அல்லேன்.

3. அப்படியிருந்தும், கண்டதாக நான் கூறுபவை என் கண்ணால் கண்டவை. நோட்டரி என்ற முறையில் அறிந்தவை அல்ல. கயிற்றின் மறுமுனையில் நின்றவன் என்ற முறையில் அறிந்தவை.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். பிளம்ஸ் இவ்வாண்டு அளவுக்கு மீறிக் காய்த்தது. அம்மா ஜாம் காய்ச்சிக் காய்ச்சி நிலவறையில் புட்டிகளுக்கு இடமில்லாமல் போய், உன் பனிச்சறுக்குப் பலகைகளை என் படிப்பறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று, அவை இப்போது என் சட்டப் புத்தகங்கள் மீது சாய்ந்து நிற்கின்றன, எனக்கு ஆட்சேபமில்லை. நீ அங்கே வெயிலில் நடக்கும்போது தொப்பி அணிகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

ரேட்டோவின் வாழ்க்கையை ஊரே அறியும். கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, பனிப்படலத்தின் அழுத்தத்தை அளக்கும் சிறு கருவியைச் செய்து, அதற்கான மென்பொருளைத் தானே எழுதி, சூரிச்சில் பெரிய நிறுவனமாக வளர்த்தார். வெள்ளிக்கிழமை இயக்குநர் கூட்டத்துக்கு வரும்போதே பனிக்கோடரியைக் கதவோரம் சாய்த்துவைப்பார், கூட்டம் முடிந்ததும் மலைக்கு ரயிலேறுவார், திங்கட்கிழமை தோலுரிந்த மூக்கோடு முதலீட்டாளர்களிடம் பேசுவார், அவர்களும் அந்த மூக்கைப் பார்த்தே பணம் போட்டார்கள் என்பது என் கணிப்பு. ஒருமுறை என் அலுவலகத்தில் பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது, குளிரில் வெடித்த விரலிலிருந்து தாளின் ஓரத்தில் இரத்தம் பட்டுவிட்டது. "விடு வெர்னர், செவப்பு முத்திரைன்னு வெச்சுக்கோ" என்றார். எதிர்த்தரப்பார் சிரித்தபடி அவரை வியந்து பார்த்தார்கள். பத்திரத்தை முதலிலிருந்து மறுபடி தட்டச்சு செய்வித்தவன் நான். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தப் புகழை அவரே வைத்துக்கொள்ளட்டும். என்னைக் குடைந்தது நீ. தேவாலயத்தில் உன் உறுதிபூசுதல் நாளில் நான் உனக்கு அகராதி தந்தேன், அவர் கயிறு தந்தார். அகராதி இங்கேயே இருக்கிறது. நீ ஒன்பது வயதில் முதல் முகட்டில் உட்கார்ந்து சீஸ் தின்ற கதையை அவர் சொல்லித்தான் நான் அறிவேன். நீ நியூசிலாந்துக்குக் குடிபோவதைக்கூட உன் வாயால் கேட்கவில்லை. நம் வீட்டு மேசையில், உருகிய சீஸில் ரொட்டித்துண்டைத் தோய்த்தபடி, "அப்போ மார்ச்ல கெளம்புறாளே, நமக்கெல்லாம் வெறிச்சுனு ஆயிடும்ல?" என்று அவர் என்னிடம் கேட்டார். என் ரொட்டி முள்கரண்டியிலிருந்து நழுவிப் பாத்திரத்துக்குள் விழுந்தது. நம் ஊர் வழக்கப்படி ரொட்டியைத் தவறவிட்டவன் மேசைக்கு ஒரு புட்டி வைன் வாங்கித் தர வேண்டும் அல்லவா, அதையும் நானே வாங்கித் தந்தேன்.

இந்தப் பொறாமையின் விளைவாகச் சென்ற குளிர்காலத்தில் உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். ஊரில் மலையேற்றம் பழகுவதற்கான ஏறுசுவர்க் கூடத்தில் தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்தேன். "இந்த வயசுல செவுத்துல ஏறப் போறியா? கூரைத் தகரத்துல எலை அள்ள ஏணியில ஏறச் சொன்னா மட்டும் தலை சுத்துது" என்றாள் உன் அம்மா. சேர்ந்தேன். தரையை விட்டுக் கால் எடுக்குமுன் ஒருவர் மற்றவரின் முடிச்சைக் கண்ணாலும் கையாலும் சோதிக்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். நீ அறிந்ததுதான். பழகியவர்கள் ஒரு பார்வையோடு விட்டுவிடுகிறார்கள் என்பதையும் கவனித்தேன். நான் விடுவதில்லை, என் தொழிலே அதுவாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் ரேட்டோவின் வழக்கமான ஏறுதுணை வேறு ஊருக்குப் போய்விடவே, "வாயேன் வெர்னர், கயித்தைப் பிடிச்சு நின்னா போதும்" என்று என்னை அழைத்தார். போனேன். அவர் உன்னைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டார், சொல்லிக்கொண்டே சுவரில் கை வைத்தார். நான் அவருடைய மேல்சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். "வந்துட்டாருய்யா நோட்டரி, முத்திரையும் கொண்டாந்திருக்கியா?" என்று கிண்டல் செய்தார். எட்டு வடிவ முடிச்சு பாதியில் நின்றிருந்தது. கயிற்றின் நுனி இடுப்புப் பட்டையினூடே போயிருந்தது, முடிச்சுக்குத் திரும்பி வரவில்லை, வெறுமனே தொங்கியது. உயரத்தில் ஒருமுறை பின்னால் சாய்ந்திருந்தால் உருவிக்கொண்டு வந்திருக்கும். மறைக்காமல் எழுதுகிறேன்: அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது அச்சம் அல்ல, மகிழ்ச்சி. ரேட்டோ துவோர் அகப்பட்டார் என்ற மகிழ்ச்சி. அச்சம் அதற்கடுத்தே வந்தது. அவர் சிரித்துக்கொண்டே முடிச்சை முடித்தார். பேச்சில் கவனம் சிதறியவர் எவருக்கும் நேரக்கூடியது என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

சென்ற சனிக்கிழமை நாங்கள் பேசவே இல்லை. கூடத்தில் கூட்டமும் இல்லை. அவர் நிதானமாக நின்று கட்டினார், நான் கையை வைத்தேன், அதே இடத்தில் அதே பாதி முடிச்சு. முதல் முறைக்கு விளக்கம் இருந்தது. இரண்டாம் முறைக்கு இல்லை. அவர் சிரிக்கவில்லை. கயிற்று நுனியைக் கையில் பிடித்து, இதை அடுத்து எங்கே கொண்டுபோக வேண்டும் என்று யோசிப்பவர்போல நின்றார், ரெகூலா. அதை நோய் என்று நான் கூறவில்லை, கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஜனவரியில் நீங்கள் இருவரும் அங்கே ஒரு பனிமுகட்டில் ஒரே கயிற்றில் போவதாக ஏற்பாடு. மூன்றாவது ஆள் இல்லை. அவர் விழுந்தால் உன்னையும் இழுத்துக்கொண்டு விழுவார்.

கூடத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்ததும், "ரெகூலாகிட்ட சொல்லாதே, ஜனவரிக்குள்ள சரி பண்ணிடுறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதத்தான் போறேல்ல? எழுது. பொறாமையில எழுதுறேன்னுதான் அவ நெனைப்பா" என்றார். பொறாமையிலதான் எழுதுறேன், முடிச்சும் பாதியிலதான் இருந்துச்சு என்றேன். அதன்பின் இருவரும் காப்பியைக் குடித்தோம்.

நேற்றிரவே இவ்வளவையும் எழுதி உறையில் இட்டேன். அம்மா தடுத்தாள். "அவர்கிட்டயே காட்டு வெர்னர். முதுகுக்குப் பின்னால அனுப்புனா அதுக்குப் பேரு கோள்" என்றாள். அவள் கூறியது நியாயம். இன்று அவரை வீட்டுக்கு அழைத்து, இதுவரை நீ படித்த அனைத்தையும் அவர் முன் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். இரத்தக்கறைப் பகுதியில் சிரித்தார். கயிற்று நுனியைப் பிடித்து நின்ற இடத்துக்கு வந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார். உன் அம்மா அவர் தோளில் கை வைத்து, பிளம்ஸ் கேக்கில் பெரிய துண்டை அவர் தட்டில் வைத்தாள். எனக்கு ஓரத்துத் துண்டு கிடைத்தது. இதைப் புகாராக அன்றி நிகழ்வாகவே பதிவு செய்கிறேன். வியாழக்கிழமை பெர்னில் மருத்துவரிடம் போகச் சம்மதித்திருக்கிறார். நான் காரில் அழைத்துப் போகிறேன்.

ஜனவரியைப் பற்றி அவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அது என்ன என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். ஒருவர் தன் வாயால் உனக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவர் முந்திக்கொண்டு சொன்னால் எப்படியிருக்கும் என்பதை நான் பாத்திரத்தில் விழுந்த ரொட்டியிலிருந்து அறிவேன். ஆகையால், இது கைக்குக் கிடைத்ததும் முதலில் அவரைத் தொலைபேசியில் அழை. என்னைப் பிறகு அழைத்தால் போதும். நேர வித்தியாசத்தைப் பார்த்துக்கொள். அவர் சீக்கிரம் தூங்குகிறார், நான் விழித்திருப்பேன்.

உன் கால்கள் உறுதியான இடத்திலேயே படியட்டும். இந்த இரண்டு கிழவர்களின் ஆசியும் உன் அம்மாவின் ஆசியும் உன்னோடு இருக்கும். இனி உன்னோடு கயிற்றில் இணைபவர் எவராயினும் அவருடைய முடிச்சைக் கையால் தொட்டுப் பார், உன்னுடையதை அவர் தொட்டுப் பார்க்கச் சொல். தொப்பியை மறவாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வெர்னர் இநேப்னிட்

சாட்சிகள்:

1. எல்ஸ்பெத் இநேப்னிட் (மனைவி, என் அலுவலகமாயிருந்தால் இவளை ஏற்றிருக்க மாட்டேன்)

2. ரேட்டோ துவோர். படிச்சேன் ரெகூலா, எல்லாம் உள்ளது உள்ளபடி. ஒரே திருத்தம்: முகட்டுல நீ தின்னது சீஸ் இல்ல, உங்கப்பா உன் பையில போட்டு அனுப்பின சாக்லேட்டு. எனக்கு ஒரு துண்டுகூடத் தரல.