நீங்கள் இளைத்த எட்டு மாதம்

அக்கா,

மழை ஈரத்தில் பீரோவுக்குள் துணியெல்லாம் பூசணம் பிடிக்கிறது, எடுத்து வெயிலில் போடச் சொல்லி உங்கள் வீட்டுக்காரர் இன்று காலை சாவியைக் கொடுத்துவிட்டுத் தோப்புக்குப் போனார். அடித்தட்டில் உங்கள் ஊதா ரவிக்கை கிடந்தது. உதறிப் போடும்போது உள்பக்கம் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று வரிசைத் தையல், ஒன்றைவிட ஒன்று உள்ளே தள்ளி. மூன்று தடவையும் உத்தமபாளையத்துத் தையல்கடைக்கு உங்களோடு வந்தவள் நான்தான். ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் போய்விட்டது. துணி ஒன்றும் காயவில்லை.

அண்ணனை நீங்களும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு தேவாரத்தில் ஒரே வீட்டில் பதினாறு வருஷம் இருந்தோம். நான் வந்த நாளிலிருந்தே நீங்கள் பருமன். ஆட்டோக்காரர்கூட "அந்தக்கா நடுவுல உக்காரட்டும்" என்பார். நீங்கள் சிரித்துக்கொண்டே நடுவில் உட்கார்வீர்கள். சிரிப்பு வீட்டுக்கு வரும்வரைதான் இருக்கும். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் எடை பார்த்தபோது முள் தொண்ணூற்று நாலில் நின்றது. இறங்குவதற்கு முன்பே என் கையைப் பிடித்தீர்கள்.

"இந்தா, வீட்டுல மூச்சு விட்றாத. ஒங்க மச்சானுக்குத் தெரிஞ்சா எனக்கு அசிங்கமாப் போயிரும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. செருப்பு கடித்த புண் வந்தபோதுதான் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு மஞ்சளை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் காலையில் காபி கொண்டுவந்தால் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. என்னைப் பார்த்து "யாரு?" என்று கேட்டீர்கள். பதினாறு வருஷம் கூட இருந்தவளை யாரென்று கேட்ட அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கார் பிடித்துத் தேனிக்குப் போகும்வரை உங்கள் தலை என் மடியில் இருந்தது. ஓடி வந்தவர் மூச்சு மாதிரி இருந்தது உங்கள் மூச்சு. நான் வழிநெடுக அதை எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஐசியு வாசலில் டாக்டரம்மா கேட்டார். "ரத்தத்துல கிருமி பரவிருச்சு. பிரஷர் நிக்க மாட்டேங்குது. இவங்க எடை எவ்வளவு? அதை வச்சுத்தான் மருந்தும் ட்ரிப்ஸும் ஏத்தணும்."

"ஒரு எழுவது இருக்கும்" என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

எடை பார்த்த அன்று நீங்கள் பிடித்த கை எனக்குச் சுட்டது. டாக்டரம்மா எழுதத் தொடங்கிவிட்டார். சொந்தக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். "தொண்ணூத்தி நாலு" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கதவு மூடியதும் உங்கள் பெரியப்பா மகன் சொன்னார், "இம்புட்டு ஒடம்ப வச்சுக்கிட்டு எங்கன தாங்கப்போகுது." எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். ஆறு நாள் குழாய் வழியாக மூச்சு விட்டீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை. ஒருநாள் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன், குண்டாக இருப்பதால் பிழைக்க மாட்டார்களா என்று.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. எடையால சர்க்கரை, பிரஷர்னு தொந்தரவு உண்டுதான். ஆனா இந்த மாதிரி நோய் வந்தா ஒடம்பு தன்னையே கரைச்சுத்தான் சமாளிக்குது. கையிருப்பு உள்ளவங்க சில பேர் தாங்கிடறாங்க. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல."

நீங்கள் தாங்கினீர்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்து முதலில் கேட்டது, "எடைய ஊருக்கே சொல்லிட்டியாமே?" என்றுதான். நான் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அப்போது எழுபத்தெட்டு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். "நல்லா எளச்சுட்டீக. பத்து வயசு கொறஞ்சிருச்சு." உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு ராத்திரிச் சாப்பாட்டை விட்டீர்கள். காலையில் ஒரு இட்லி, அதிலும் பாதி. எழுபது, அறுபத்து மூன்று. "இத வேணா ஊரெல்லாம் சொல்லு ஆத்தா" என்றீர்கள். குச்சனூர்க் கோவிலில் பழைய சிநேகிதி ஒருத்தி உங்களை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனாள். வீடு வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள்.

உங்களுக்கு ஊக்கு மாட்டிவிடும்போது முதுகெலும்பு என் விரலில் தட்டியது. கீழே உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தீர்கள். அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் வைக்க முடியாமல் படியிலேயே இறக்கினீர்கள். ஊரே மெச்சியது. எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்த எட்டாம் மாதம் கடைசியாகப் பார்க்கப் போனபோது டாக்டரம்மா தராசைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். ஐம்பத்தொன்று. "இது எளைச்சதில்லம்மா, சதை கரைஞ்சது. இன்னொரு தடவை கிருமி வந்தா ஒடம்புல ஒண்ணுமில்ல. முட்டை, பருப்பு, மீன்னு சாப்பிட்டே ஆகணும். வீட்டுல சொல்லுங்க."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்தீர்கள். "ஒங்க மச்சான்ட்ட சொல்லாத. எனக்குன்னு ஒரு சந்தோசம் இப்பத்தான் வந்திருக்கு."

நான் சொல்லவில்லை அக்கா. முதல் தடவை வாக்கை மீறினேன், பிழைத்தீர்கள். இந்தத் தடவை காப்பாற்றினேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீர்க்கடுப்பு என்றீர்கள். மத்தியானம் காய்ச்சல். பொழுது சாயும் முன்பே தேனிக்குக் கொண்டுபோய்விட்டோம், முன்னைவிடச் சீக்கிரமாக. எடை என்ன என்று வேறு ஒரு டாக்டர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் "அம்பத்தி ஒண்ணு" என்றேன். உங்கள் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அதே மருந்துகள், அதே குழாய். கண்ணாடிக்குப் பின்னால் போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரருக்குச் சோறு போடும் ஒவ்வொரு வேளையும் எனக்குப் பயம்தான். எடை எப்படித் தெரியும் என்று இன்று கேட்பாரா, நாளைக்குக் கேட்பாரா என்று. சாம்பார் ஊற்றிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிடுவேன். இன்று மத்தியானம் ரவிக்கையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு அவரே கேட்டுவிட்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில ஒனக்கு மட்டும் எப்படி எடை தெரிஞ்சது? டாக்டரு எதுவும் சொன்னாகளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் நீங்கள் சொன்னதையும் சொன்னேன். அவர் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தார். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை.

"அவ என்ட்ட வந்து, எளச்சது நல்லாருக்கான்னு கேட்டா. நல்லாருக்குன்னு சொன்னேன்" என்றார். "தெனமும் கேட்டா. தெனமும் சொன்னேன்."

அவ்வளவுதான். தட்டைக் கழுவிவைத்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். அவருடைய பயம் என்னவென்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. அதனால் என்னுடையது குறையவில்லை, அக்கா. பக்கத்து வீட்டில் யாராவது "ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லிராத" என்று ஆரம்பித்தாலே, "என்ட்ட சொல்லாதீக" என்று எழுந்து வந்துவிடுகிறேன்.