அந்தத் துவாரத்தைத் திறந்துவிடு

பாலையூற்று,
திருகோணமலை.
டிசம்பர், வியாழக்கிழமை

அன்பு மகள் ரிப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் அஸ்ஹானும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நல்லபடி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்திக் கேட்கிறேன். இங்கே நானும் உம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற வாப்பா ஏன் பேனையும் கையுமாக இருக்கிறார் என்று நீ யோசிப்பாய். போனில் உம்மா எப்போதும் என் பக்கத்திலேயே இருக்கிறா, நான் வாயைத் திறக்கப் போனால் என் கையைக் கிள்ளுகிறா. அது மட்டுமில்லை, இதை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். லுஹர் தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தேன், உங்களுக்கு இப்போதுதான் விடிந்திருக்கும். எழுதி முடிந்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன், தாளை உம்மா கட்டுகிற பார்சலுக்குள் வைப்பேன்.

இதற்கு மேல் வாசிக்க முன்னம் ஒரு வேலை இருக்கிறது மகள். உங்கள் முன் அறையில் காஸ் அடுப்பு மாதிரி எரிகிற அந்த ஹீட்டரை நிறுத்து. அதற்குப் பக்கத்துச் சுவரில், நிலத்தோடு ஒட்டி, குளிர்காற்று வருகிறது என்று மருமகன் பழைய துணியை அடைத்துச் சாம்பல் நிற டேப் ஒட்டி மூடினாரே, அந்தத் துவாரத்தைத் திற. யன்னலையும் திற. கூரையில் இருந்த வெள்ளை வட்ட அலாரப் பெட்டி டிக் டிக் என்று சத்தம் போட்டு நித்திரையைக் கெடுக்கிறது என்று பற்றரியைக் கழற்றினீர்கள், அதற்குப் புதுப் பற்றரி வாங்கிப் போடுங்கள். நேற்று நீ பேசும்போது உனக்குப் பின்னால் அந்த டேப் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். விடிய எழும்பும்போது தலை இடிக்கிறது, ஏழு மாதத்தில் அப்படித்தானே இருக்கும் என்று சிரித்தாய். உனக்குச் சிரிப்பு, நான் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகனுக்கு இரண்டு தரம் எடுத்துச் சொன்னேன். "மாமா, அதத் தொறந்தா ஊடு ஐஸ் பெட்டி மாதிரி ஆயிரும், புள்ளத்தாச்சி குளிர்ல கிடந்தா நான் என்ன செய்யிற" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, உன்மேல் உள்ள அக்கறையில்தான் செய்தார். ஆனால் நான் ஏன் இப்படி மன்றாடுகிறேன் என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, ஏனென்றால் நாங்கள் உங்களிடம் மறைத்துவிட்டோம்.

திறந்துவிட்டு வந்து இரு. பக்கத்தில் மருமகனை வைத்துக்கொண்டு வாசி.

பக்கத்து வீட்டு இராசமலர் அன்ரியை நீ கேட்கும்போதெல்லாம் உம்மா, அவ கிளிவெட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறா, அங்கே சிக்னல் இல்லை என்று சொன்னா. அது பொய். இராசமலர் அன்ரி காலமாகிவிட்டா, மகள். போன மாதக் கடைசி மழையில் போய்விட்டா. உன்னையும் தன் மகள் கஜந்தியையும் முன்னும் பின்னுமாக அந்தச் சிவப்பு ஸ்கூட்டியில் ஏற்றி ரியூஷனுக்குக் கொண்டுபோய் விட்ட மனுசி, கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்த பிறகும் ஒரு நாள் வீட்டில் சும்மா இருக்காத மனுசி. உனக்கு இதை இப்படி எழுத்தில் தெரிவிக்க வேண்டி வந்ததற்கு என்னை மன்னித்துக்கொள். கஜந்தியே என்னிடம், "ரிப்காவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ அங்கிள், அவள் இப்ப இருக்கிற நிலைமையில தாங்கமாட்டாள்" என்றாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை சொன்ன சொல் என்று நானும் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அங்கே வின்டருக்கு வீட்டை ஆயத்தப்படுத்தின மாதிரித்தான் இங்கே நாங்களும் மாரிக்கு ஆயத்தப்படுத்தினோம். போன வருட மழையில் பட்ட பாடு போதும் என்று நான் ஐப்பசி பிறக்க முன்னமே உடைந்த கூரை ஓடுகளை மாற்றி, தண்ணீர் வழிகிற பீலியில் கிடந்த சருகை அள்ளி, முற்றத்து முருங்கையைத் தறித்துவிட்டேன். உம்மா அரிசி மாவையும் பருப்பையும் அலுமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றினா. கஜந்தியின் புருசன் இராகுலன் எங்களை விடக் கூட வேலை செய்தான். அவனுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை என்று உனக்குத் தெரியும், காற்று எழும்பும் என்று அறிவித்தல் வந்தால் வீட்டுக்கு வர ஏலாது, படகோடு நிற்க வேண்டும். பெண்களும் சின்னப் பிள்ளையும் தனிய இருக்கிற வீடு என்ற பயத்தில், எங்கள் ஹாட்வெயார் கடையிலேயே தடித்த பொலித்தீனும் டேப்பும் வாங்கி யன்னல் எல்லாவற்றையும் உள்ளால் மூடினான். சுவரின் மேல்பக்கத்துக் காற்றோட்ட ஓட்டைகளுக்குப் பலகை அடித்தான். அன்ரி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்த மூலையில இன்னும் ஒண்டு கிடக்குது" என்று காட்டிக்கொண்டு நின்றா. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், எங்கள் வீட்டுக்கும் அப்படிச் செய்தால் என்ன என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு அந்த மழை வந்தது. கரண்ட் கம்பி அறுந்து ஊரே இருட்டு. இராகுலன் படகில். அவர்களுடைய மகள் தர்சிகாவுக்கு மூச்சிழுப்பு உண்டு, ஈரக் காற்றுக்கு அது கூடிவிட்டது, மருந்துப் புகை பிடிக்கிற மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். அதற்கென்றே இராகுலன் கூட்டாளி ஒருவனிடம் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வெளியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியும் இருந்தான். அன்று காற்று துறைமுகப் பக்கமாகத் திரும்பி மழையைத் தாழ்வாரத்துக்குள்ளே அடித்தது, இயந்திரம் நனைந்து நின்று நின்று ஓடியது. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள். இரவு முழுக்க அப்படிக் கழிந்து, விடிந்த பிறகு தாயும் மகளுமாகச் சேர்ந்து அதைக் குசினிக்குள் இழுத்தார்கள். கொஞ்ச நேரம் பின்கதவைத் திறந்துதான் வைத்தார்களாம், தண்ணீர் உள்ளே வரவும் கதவைச் சாத்திக் கீழ் இடுக்குக்குச் சாக்கு அடைத்தார்கள். நாங்கள் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் மகள், இதை எண்ணி எண்ணித்தான் எனக்கு ஆறவில்லை. பிள்ளைக்கு இழுப்பு இறங்கியது. எல்லாருக்கும் தலையிடி வந்தது. அதைக் கஜந்தி பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னாள். "அம்மா தலையிடிக்குது எண்டா, எனக்கும் இடிச்சது, நித்திரை முழிச்சதால எண்டு நினைச்சு ஆளுக்கொரு பனடோல் போட்டம், நானும் பிள்ளையும் பாயில படுத்தனாங்கள்." 

அன்று பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி உம்மா இறைச்சிக் கஞ்சி காய்ச்சி, பிள்ளைக்குச் சூடாகக் கொண்டுபோய்க் கொடுங்க என்று வாளியைத் தந்தா. குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். உள்ளே இயந்திரம் இரைகிற சத்தம் கேட்டது, ஆள் சத்தம் இல்லை. கதவைத் தட்டினேன். முன் யன்னலில் பொலித்தீன் ஒரு பக்கம் சுருங்கி இருந்த இடத்தால் பார்த்தேன். அன்ரி குசினி வாசலில் கதிரையில் இருந்தபடி தலை சாய்ந்து கிடந்தா. கஜந்தியும் பிள்ளையும் பாயில். மூன்று பேரும் ஒரே நேரத்தில் இப்படி நித்திரை கொள்வார்களா, அதுவும் அந்த இரைச்சலில். நான் போட்ட கூச்சலுக்கு எதிர் வீட்டு ஸெய்னுதீன் ஓட்டோவுக்குப் பொலித்தீன் மூடுகிறதை விட்டுவிட்டு ஓடி வந்தான். இரண்டு பேருமாக இடித்துக் கதவை உடைத்தோம். உள்ளே போனதும் எனக்கும் தலை சுற்றியது, ஸெய்னுதீன், "அன்ஸார் நானா, மூச்ச அடக்குங்க, ஆளத் தூக்குங்க" என்று கத்தினான். பிள்ளையை முதலில் தூக்கி மழைக்குள் கிடத்தினோம், பிறகு கஜந்தி, பிறகு அன்ரி. மழைத் தண்ணீர் முகத்தில் விழுந்து தர்சிகா இருமி அழுதாளே, அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. கஜந்தி சத்தி எடுத்துக் கண்ணைத் திறந்தாள். அன்ரி திறக்கவில்லை. உம்மா தலையில் முக்காடு கூட இல்லாமல் ஓடி வந்து அவவின் காலைத் தேய்த்துத் தேய்த்து, ராசமலர், ராசமலர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தா.

சந்தியில் வெள்ளம், ஓட்டோ போகாது. யாரோ ஒரு உழவு இயந்திரத்தை மறித்து அதில்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கஜந்தியையும் பிள்ளையையும் ஒட்சிசன் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ், இப்போது வீட்டில் இருக்கிறார்கள். அங்கிருந்த இளவயது டொக்டர் பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினா. எரிகிற எந்தச் சாமானுக்கும் காற்று வந்துபோக வழி இல்லாவிட்டால் ஒரு நச்சுக் காற்று உண்டாகுமாம், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலையிடியும் நித்திரையும்தான் அறிகுறியாம். ஜெனரேட்டர் மட்டுமா என்று கேட்டேன். "இல்ல ஐயா, கரி அடுப்பு, காஸ் ஹீட்டர், எல்லாம்தான்" என்றா. அந்த இடத்திலேயே உன் வீட்டுச் சுவர் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இராகுலன் அடுத்த நாள்தான் கரைக்கு வர முடிந்தது. அவன் அழவில்லை. நேரே வீட்டுக்குள் போய் யன்னல் பொலித்தீனை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தான். நான் தோளில் கை வைக்கவும், "நான்தான் அங்கிள் எல்லா ஓட்டையையும் அடைச்சனான்" என்றான். நானும் அடுத்த யன்னலுக்குப் போய் அவனோடு சேர்ந்து கிழித்தேன். மழை விட்டபாடில்லை, சுடலையில் விறகு எல்லாம் ஈரம். கடையிலிருந்து பெரிய தறப்பாளைக் கொண்டுபோய் நானும் ஸெய்னுதீனும் பள்ளி ஜமாஅத்துப் பொடியன்களும் நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம், சிதை அடுக்கி முடியும் வரை. மீன்காரன் கூட வந்து ஒரு மூலையைப் பிடித்தான், நாள் தவறாமல் அவனோடு விலைக்குச் சண்டை பிடித்தவ அன்ரி.

இதுதான் நடந்தது. உம்மாவுக்கு நான் எழுதுகிறது தெரியாது, தெரிந்தால் பேனையைப் பறிப்பா. பிள்ளை சுமக்கிறவளுக்கு இப்படி ஒரு கவலையைக் கொடுக்கலாமா என்று நானும் இரவு பகலாக என்னோடு வாதாடினேன். கவலை வந்தால் அழுது ஆறலாம், அந்தக் காற்று வந்தால் ஆற நேரம் தராது. அதனால்தான் எழுதினேன். இன்றைக்கே வீட்டுக்காரருக்குச் சொல்லி, காஸ் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டு அந்த ஹீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் சரி என்று சொல்லும் வரை அதைக் கொளுத்த வேண்டாம். நீ டொக்டரிடம் போய் விடியற்காலைத் தலையிடியையும் அடைத்த துவாரத்தையும் இரண்டையும் சேர்த்துச் சொல், வெட்கப்படாதே. குளிருக்கு உடுப்பைக் கூட்டு, இரண்டு சொக்ஸ் போடு, கரண்டில் வேலை செய்கிற ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்கி ஒரே அறையில் இருங்கள், கதவு இடுக்குக்குத் துணி போடுவதானால் படுக்கை அறையில் போடுங்கள், எரிகிற சாமான் இருக்கிற அறையில் ஒரு ஓட்டையையும் தொடாதீர்கள். உம்மா பார்சலில் கம்பளி மேற்சட்டையும் மல்லிக் குடிநீர்ச் சரக்கும் வைக்கிறா. மருமகனோடு கோபிக்காதே, அவர் தன் கையால் செய்ததை எண்ணிக் கலங்குவார், நீதான் தேற்ற வேண்டும்.

அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் குளிரிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத தீங்கிலிருந்தும் காப்பானாக, உன் பிரசவத்தை லேசாக்கி வைப்பானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அழுது முடிந்த பிறகு கஜந்திக்கு ஒரு கோல் எடு. நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல். அவள் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன்னிடமிருந்தே ஒளிந்திருக்கிறாள், தாய்க்காக அழ அவளுக்கு ஒரு கூட்டாளி கூட இல்லை. பேச ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை, லைனை வெட்டாமல் இரு.

உன் முகத்தைக் காணக் காத்திருக்கும்,
வாப்பா
மு. அன்ஸார்