சித்தீக் அண்ணனுக்கு வந்த சுகர்

முத்துப்பேட்டை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் பர்வினும் நலம். நீங்களும் நலம் என்று போனில் சொல்கிறீர்கள். அதை நம்புவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.

அங்கே வெளிநாட்டில் உங்கள் ரூமில் கூடத் தங்கியிருக்கும் சித்தீக் அண்ணனுக்குச் சுகர் என்று பல மாதமாகச் சொல்கிறீர்கள். பாவம், டீக்குச் சீனியே போடுவதில்லை, ராத்திரி கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார், அப்படியும் ஏறுகிறதே என்றீர்கள். செருப்பு கடித்த புண் ஆற இவ்வளவு நாளாகுமா என்றும் அவருக்காகவே கேட்டீர்கள். அடுத்தவர் சுகருக்கு உங்களுக்கென்ன இத்தனை கவலை என்று அப்போதே உறுத்தியது. வீடியோவில் பேசினால் கேமராவை ஃபேன் பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். பெருநாள் போட்டோவில் உங்கள் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

உம்மாவைத் திருத்துறைப்பூண்டி டாக்டரிடம் கூட்டிப்போனபோது விசாரித்தேன். சீனியை நிறுத்தினால் மட்டும் போதாதாம். சோற்றிலுள்ள மாவுச்சத்தும் உடம்பில் சர்க்கரையாகத்தான் மாறுமாம். குழைய வெந்த கஞ்சி, சோற்றைவிட வேகமாக ஏற்றிவிடுமாம். உடம்புக்கு முடியாவிட்டால் கஞ்சி என்று நாம் பழகியதுதான் தப்பு. பரோட்டாவும் அதே கதைதான். சோற்றைக் குறைத்து, காய், மீன், கொண்டைக்கடலை என்று தட்டை நிரப்பச் சொன்னார். பேரீச்சம்பழமும் அளவோடுதான். காலில் புண் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம்.

இதைப் போனில் சொல்ல இருந்தேன். அதற்குள், லீவில் வந்த சித்தீக் அண்ணனே மகள் நிக்காஹ் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்றார். பிரியாணி போட்டேன். பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார். சுகருக்கு ஆகுமா என்றேன். எனக்கு ஏதும்மா சுகர் என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.  மச்சானுக்கு எந்தக் காலில் புண் என்று கேட்டேன், இடது என்றார்.

பர்வின் படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்து சம்பாதித்துவிடலாம் என்றுதான் மறைத்திருப்பீர்கள். எனக்குக் கோபம் தீரவில்லை. பர்வினிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடித்ததும் உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இத்தனை மாதமும் தொழுகையில் சித்தீக் அண்ணன் பெயரைச் சொல்லி அழுது துஆ கேட்டேன். அது யாருக்காக என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். இரண்டு காலோடும் வீட்டுக்கு வந்து சேருங்கள், மச்சான்.

உங்கள்
கமருன்னிஸா